யாருடைய வழு? திருட்டுக் கேம் குழுக்களும் பழுதான வெளியீடுகளும்

2008 ஆகஸ்டில் யூபிசாஃப்ட் நிறுவனம் கலிஃபோர்னியாவின் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்றில் ஒரு வழக்குத் தொடுத்தது. விவகாரம் ‘அசாசின்ஸ் கிரீட்’ என்ற வீடியோ கேமின் கணினிப் பதிப்பைப் பற்றியது. கடைகளுக்கு வருவதற்குச் சுமார் ஆறு வாரம் முன்னதாக, பிப்ரவரி இறுதியில், அந்தப் பதிப்பு இணையத்தில் கசிந்துவிட்டது. வட்டு அச்சிடும் பொறுப்பிலிருந்த வட கரோலினா நிறுவனம் ஒன்றின் ஊழியர் பிரதியை வீட்டுக்கு எடுத்துச் சென்றதே காரணம் என்பது யூபிசாஃப்டின் குற்றச்சாட்டு. ஏழு லட்சத்துக்கும் அதிகமான தடவை பதிவிறக்கப்பட்டுவிட்டது என்று சொல்லி, ஒரு கோடி டாலர் இழப்பீடு கேட்டது.

இதுவரை இதில் புதுமை எதுவும் இல்லை. புதுமை, மனுவில் இருந்த இன்னொரு முறையீட்டில் இருக்கிறது. கசிந்த பிரதி ஆட்டத்தின் நடுவில் திடீரென நின்றுவிடும். அந்தப் பழுதை வைத்தது யூபிசாஃப்டே. பிரதி வெளியே போனால் முழுதாகப் பயன்படக் கூடாது என்பதற்காக வேண்டுமென்றே இட்ட தடை அது. பதிவிறக்கியவர்களுக்கு இது தெரியாதே! கேம் பழுதானது என்று பேசினார்கள், எழுதினார்கள். பழுதை வைத்த நிறுவனமே அந்தப் பழுதால் தன் பொருளின் பெயர் கெட்டது என்று நீதிமன்றத்தில் நிற்க நேர்ந்தது.

இந்த வழக்கின் சட்டப் பக்கம் இங்கே நமக்கு முக்கியமில்லை. கேள்வி ஒன்றுதான்: திரையில் ஒரு கேம் தடுமாறும்போது அந்தத் தடுமாற்றம் யாருடையது? உருவாக்கியவருடையதா, திருட்டைத் தடுக்கப் பூட்டியவருடையதா, பூட்டை உடைத்தவருடையதா?

ஒரு சொல்லும் இரு தரப்பும்

மென்பொருள் ‘பக்’ என்பதற்குக் கணித்தமிழில் ‘வழு’ என்ற சொல் நிலைபெற்றிருக்கிறது. இது இலக்கணக்காரர்களின் சொல். முறைப்படி அமைவது வழாநிலை. முறை பிறழ்வது வழு. பிறழ்ந்திருந்தும் ஏதோ ஒரு காரணம் பற்றி ஏற்றுக்கொள்ளப்படுவது வழுவமைதி. வீட்டு மாட்டை அன்பு மிகுதியால் ‘அம்மா வந்தாள்’ என்று உயர்திணையில் சொன்னால் இலக்கணம் அதைத் தண்டிப்பதில்லை. காரணம் கேட்டு விட்டுவிடுகிறது. கணினிக்காரர்கள் இரண்டாவது சொல்லை எடுத்துக்கொண்டு மூன்றாவதை விட்டுவிட்டார்கள். இந்தக் கட்டுரைக்கு மூன்றாவதுதான் அதிகம் தேவைப்படும்.

திருட்டுப் பிரதிகளுக்கும் பழுதுகளுக்கும் உள்ள உறவைப் பற்றி இரண்டு விளக்கங்கள் புழக்கத்தில் உள்ளன. முதலாவது வெளியீட்டாளர்களுடையது: திருட்டுக் குழுக்கள் அவசரமாக உடைத்துப் பரப்பும் குறைப்பிரதிகளால் விற்பனை மட்டுமல்லாமல் நல்ல பெயரும் போகிறது. இரண்டாவது, குழுக்களும் அவர்களுடைய பயனர்களும் சொல்வது: பழுதே பூட்டுகளால்தான் வருகிறது, உடைத்த பிரதியே நன்றாக ஓடுகிறது, காசு கொடுப்பதற்கு முன் பொருளைச் சோதித்துப் பார்க்க வேறு வழி இல்லை. இரண்டுக்கும் சான்றுகள் உண்டு. இரண்டும் ஒரே இடத்தில் சறுக்குகின்றன என்பது என் எண்ணம். வழு எங்கிருந்து வந்தது என்பதிலேயே இரு தரப்பும் நின்றுவிடுகின்றன. வந்த வழுவை யார் தன்னுடையது என்று ஒப்புகிறார், யாரிடம் ஒப்புகிறார் என்பதை எந்தத் தரப்பும் கேட்பதில்லை.

குழுக்களின் உள்ஒழுங்கு

‘சீன்’ என்று தங்களைத் தாங்களே அழைத்துக்கொள்ளும் இந்த உலகம் நாற்பது ஆண்டு பழையது. நார்வேயில் 1985இல் தொடங்கிய ரேஸர் 1911, ஸ்வீடனில் 1987இல் தொடங்கிய ஃபேர்லைட் ஆகியவை காமடோர் 64 கணினியின் காலத்திலிருந்து வருபவை. பின்னர் மித், ரீலோடட், ஸ்கிட்ரோ, சிபிஒய், கோடெக்ஸ் எனப் பெயர்கள் மாறிக்கொண்டே வந்தன. கோடெக்ஸ் 2022 பிப்ரவரியில் கடையை மூடியது. வட்டைக் கொண்டுவருபவர், பூட்டை உடைப்பவர், சோதிப்பவர், ரகசிய சர்வர்களுக்கிடையே பிரதியைக் கடத்தும் ‘கூரியர்’ என்று வேலைப் பிரிவினை உண்டு. காசு வாங்குவது இவர்களுடைய எழுதப்பட்ட விதிகளின்படி இழிவு. கிடைப்பது பெயர் ஒன்றுதான். அதுவும் முதலில் வெளியிட்டவருக்கே. இரண்டாவதாக வந்தவருடைய உழைப்புக்கு ‘டூப்’ என்று பெயர் சூட்டி ஒதுக்கிவிடுவார்கள்.

முதலில் வருபவருக்கே புகழ் என்றால் அவசரக் குப்பை குவியத்தான் செய்யும். அதைத் தடுக்க இவர்கள் ஏற்படுத்திய ஏற்பாடு கவனிக்கத்தக்கது. வெளியான பிரதி வேலை செய்யவில்லை என்றால் அது ‘நியூக்’ செய்யப்படும்: செல்லாது என்று முத்திரை விழும், பக்கத்திலேயே காரணமும் பதியப்படும். உடைப்பு முழுமையில்லை, கோப்பு குறைகிறது, விதிமீறல் என்று ஒவ்வொன்றுக்கும் குறிச்சொல் இருக்கிறது. அப்போது இன்னொரு குழு அதே கேமை ‘ப்ராப்பர்’ என்ற அடைமொழியுடன் வெளியிடலாம்; ஆனால் முந்தையதில் என்ன கோளாறு என்பதை எழுத்தில் காட்ட வேண்டும். தவறியவர் தானே திருத்தினால் ‘ரீபேக்’ அல்லது ‘கிராக்ஃபிக்ஸ்’. இத்தனையும் ஒவ்வொரு வெளியீட்டோடும் செல்லும் என்எஃப்ஓ என்ற சிறு உரைக்கோப்பில் பதிவாகும். இந்தக் கோப்பை 1990 வாக்கில் வழக்கத்துக்குக் கொண்டுவந்தது தி ஹம்பிள் கைஸ் என்ற அமெரிக்கக் குழு. எழுத்துகளால் வரைந்த சின்னம், நிறுவும் வழி, போட்டிக் குழுக்களைப் பற்றிய ஏச்சு, கேம் பிடித்திருந்தால் காசு கொடுத்து வாங்குங்கள் என்ற அறிவுரை எல்லாம் அதில் இருக்கும்.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில் சென்னை பர்மா பஜாரிலோ ரிச்சி தெருவிலோ கேம் சிடி வாங்கியவர்களுக்கு இந்தக் கோப்பு அந்நியமானதில்லை. சிடிக்குள் அதன் பக்கத்திலேயே ‘கிராக்’ என்று ஒரு ஃபோல்டர் இருக்கும். அதிலுள்ளதை எடுத்து நிறுவிய இடத்தில் ஒட்ட வேண்டும். ஒட்டினால் ஓடும், ஒட்டாவிட்டால் சிடி கேட்கும். என் தலைமுறையில் பலர் கணினியில் கற்ற முதல் பாடம் இந்த ஒட்டுவேலை. சிடியை விற்றவருக்கும் அதை உடைத்தவருக்கும் எந்தத் தொடர்பும் இருக்கவில்லை என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் கவலைப்பட்டிருக்க மாட்டோம்.

இந்த உள்ஒழுங்கைப் போற்றிப் பாடும் எழுத்துகள் உண்டு. அந்தக் கூட்டத்தில் சேர எனக்கு விருப்பமில்லை. நியூக் முறை சக குழுக்களிடம் மானம் காக்கும் ஏற்பாடு. கடைசியாக அந்தப் பிரதியை விளையாடப்போகும் ஆளை நோக்கியது அதில் எதுவும் இல்லை. பொதுமக்களிடம் பிரதி போய்ச் சேர்வதையே சீன் விதிகள் கண்டிக்கின்றன. முறையிட முகவரியும் இல்லை. கையெழுத்திடுபவர்கள் எல்லாரும் புனைபெயர்கள். அந்தப் புனைபெயருக்குப் பின்னால் ஓர் உடல் இருப்பதைக் காவல்துறை மட்டுமே அவ்வப்போது நினைவூட்டியிருக்கிறது. 2001 டிசம்பரில் நடந்த ‘ஆபரேஷன் புக்கனியர்’ சோதனையில் டிரிங்க்ஆர்டை குழு சிதைந்தது. அதன் தலைவர்களுள் ஒருவர் ஆஸ்திரேலியாவில் வசித்தவர். அமெரிக்க மண்ணை மிதிக்காதவர். 2007இல் அமெரிக்காவிடம் ஒப்படைக்கப்பட்டு 51 மாதச் சிறைத்தண்டனை பெற்றார்.

ஆயினும் ஒன்றை மறுக்க முடியாது. ஒரு குறிப்பிட்ட வெளியீட்டின் குறிப்பிட்ட வழு இன்ன குழுவுடையது, இன்ன காரணத்தால் நேர்ந்தது என்று பெயரிட்டுப் பதிவு செய்யும் வழக்கம் திருடர்களிடம் இருந்தது. காசு கொடுத்து வாங்கிய பெட்டியின் மேல் அப்படி எதுவும் அச்சாகியிருக்கவில்லை.

இட்ட வழுக்கள்

உடைப்பவர் எப்படிச் சோதிப்பார் என்பதை உருவாக்குநர்கள் அறிந்துகொண்டபோது ஆட்டம் மாறியது. கேம் தொடங்குகிறதா, முதல் கட்டம் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு, முந்திக்கொள்ளும் அவசரத்தில் குழு பிரதியை வெளியே தள்ளும். அப்படியானால் பூட்டு வாசலில் இருப்பதைவிட வீட்டின் உள்ளறையில் இருப்பது நல்லது. பூட்டு என்றே தெரியாத பூட்டாக இருந்தால் இன்னும் நல்லது.

இதை முறையாக யோசித்துச் செய்த முன்னோடிகளுள் இன்சோம்னியாக் நிறுவனமும் ஒன்று. பிளேஸ்டேஷனுக்கான ‘ஸ்பைரோ’ தொடரின் முந்தைய கேமை உடைக்கக் குழுக்களுக்கு ஒரு வாரத்துக்குச் சற்று மேல்தான் ஆனது. 2000இல் வந்த ‘இயர் ஆஃப் தி டிராகன்’ கேமில் அவர்கள் வட்டைச் சோதிக்கும் பூட்டுக்கு மேல் இன்னொரு அடுக்கை வைத்தார்கள்: நிரல் மாற்றப்பட்டிருக்கிறதா என்று பார்க்கும் சிறு சோதனைகள், அந்தச் சோதனைகள் அகற்றப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்கும் வேறு சோதனைகள். மாற்றம் தெரிந்தவுடன் கேம் நின்றுவிடாது. நின்றால் உடைப்பவருக்கு எந்த இடம் என்று தெரிந்துவிடுமே. பதிலாக, சேகரித்த முட்டைகளும் மணிகளும் காணாமற்போகும். ஆட்டத்தின் நடுவில் மொழி மாறும். இறுதி எதிரியோடு மோதும் வேளையில் ஆட்டக்காரர் தொடக்கத்துக்கே தூக்கி எறியப்படுவார். சேமித்து வைத்ததும் அழியும். உடைப்பு சரியா என்று அறிய வேண்டுமானால் முழு கேமையும் ஆடிப் பார்த்தாக வேண்டும், அதுவும் ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும்.

அந்நிறுவனத்தின் கேவின் டாட் 2001இல் இதைத் தொழில்முறைக் கட்டுரையாக எழுதினார். என்றென்றைக்கும் உடையாத பூட்டு சாத்தியம் என்று அவர் எங்கும் சொல்லவில்லை. விற்பனையின் பெரும்பங்கு நடக்கும் முதல் சில மாதங்களைக் காப்பாற்றினால் போதும் என்பதே கணக்கு. கணக்கு பலித்தது: சரியான உடைப்பு வர இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று. எனக்கு இதில் முக்கியமாகப் படுவது இன்னொரு விஷயம். ஆட்டத்தின் ஆரம்பப் பகுதியிலேயே ஸோயி என்ற தேவதை வந்து, இது திருத்தப்பட்ட பிரதி போலிருக்கிறது, இனிச் சிக்கல் வரலாம் என்று ஆட்டக்காரரிடம் சொல்லிவிடுவாள். வழு வருமுன்னே அதன் உரிமையாளர் வந்து பெயர் சொல்லிவிட்டுப் போகிறார்.

இட்ட வழுக்களின் வரலாற்றில், பெயர் சொல்வதா மறைப்பதா என்ற இந்த ஒரு வேறுபாடுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது என்று நினைக்கிறேன். குரோவேஷியாவின் க்ரோடீம் 2011இல் வெளியிட்ட ‘சீரியஸ் சாம் 3’இல் திருட்டுப் பிரதிக்காரரைச் சாகாத இளஞ்சிவப்புத் தேள் ஒன்று துரத்தும். ஜெர்மனியின் புளூ பைட் 1998இல் வெளியிட்ட ‘செட்லர்ஸ் 3’இல் இரும்பு உருக்கும் உலையிலிருந்து பன்றிகள் வெளிவரும். ‘கிரைசிஸ் வார்ஹெட்’டில் துப்பாக்கி கோழிகளைச் சுடும். இவற்றைப் பார்த்து யாரும் தரக்குறைவு என்று எண்ண மாட்டார்கள். உலையிலிருந்து பன்றி வந்தால், யாரோ நம்மைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று குழந்தைக்கும் புரியும். கேலி தானே தன் கையெழுத்து.

மறுபக்கம் அடக்கமான வழுக்கள். ‘ஆபரேஷன் ஃபிளாஷ்பாயிண்ட்’டில் ‘ஃபேட்’ என்ற முறை: திருட்டுப் பிரதியில் துப்பாக்கியின் குறி மெல்ல மெல்லத் தவறத் தொடங்கும். 2009இல் ‘பேட்மேன்: ஆர்காம் அசைலம்’ கேமின் திருட்டுப் பிரதியில் பேட்மேனால் மேலங்கியை விரித்து மிதக்க முடியாது, ஒரு குறிப்பிட்ட இடத்தைத் தாண்டவே முடியாது. அதைக் கோளாறென்று நினைத்து உதவி கேட்ட ஆட்டக்காரருக்கு, வழு நிரலில் இல்லை, உம்முடைய ஒழுக்கத்தில் இருக்கிறது என்ற பொருள்பட நிறுவனத் தரப்பிலிருந்து பதில் வந்தது. சாமர்த்தியமான பதில் என்று உலகம் சுற்றியது. ஆனால் அந்த ஆள் வெளிப்படையாகக் கேட்கும் வரை அது கோளாறாகத்தான் இருந்தது என்பதையும், கேட்காமல் கேமைத் திட்டிவிட்டுப் போனவர்கள் எத்தனை பேரோ என்பதையும் யாரும் எண்ணவில்லை.

எண்ணிப் பார்க்க வைத்தது ‘டைட்டன் குவெஸ்ட்’. அயர்ன் லோர் என்ற சிறு நிறுவனம் உருவாக்கி டிஎச்க்யூ 2006இல் வெளியிட்டது. கடைக்கு வருமுன்னே அரைகுறையாக உடைக்கப்பட்டு வெளியாகிவிட்டது. உடைத்தவர்கள் உள்ளடுக்குச் சோதனைகளைக் கண்டுகொள்ளவில்லை. ஆட்டத்தில் சற்று முன்னேறியதும் அந்தச் சோதனை விழித்துக்கொள்ளும், கேம் விழுந்துவிடும். குறிப்பிட்ட குகையிலிருந்து வெளியே வந்தாலே நின்றுபோகிற கேம் என்ற பேச்சு, நேர்மையான பிரதி ஒருவர் கைக்கும் போய்ச் சேராத நிலையில் ஊரெங்கும் பரவியது. 2008 தொடக்கத்தில் அயர்ன் லோர் மூடப்பட்டபின் டிஎச்க்யூவின் மைக்கேல் ஃபிட்ச் இதைக் கசப்போடு பொதுவில் எழுதினார். மூடலுக்குத் திருட்டு மட்டுமே காரணம் என்று ஏற்பது கடினம். அதே எழுத்தில் அவர் வன்பொருள் குழப்பங்களையும் வாடிக்கையாளர்களின் கணினிகளையும் சேர்த்தேதான் சாடினார். என்றாலும் அவப்பெயர் பரவிய விதம் பற்றிய அவருடைய விவரிப்பு ‘அசாசின்ஸ் கிரீட்’ மனுவோடு அப்படியே பொருந்துகிறது. பெயர் சொல்லாமல் இட்ட வழு பெயரில்லாமல் நிற்பதில்லை. அருகிலிருக்கும் பெயரில், அதாவது கேமின் பெயரில், ஒட்டிக்கொள்கிறது.

பழுதே இடாமல் பாடம் புகட்டியவர்களும் உண்டு. ஆஸ்திரேலியாவில் சகோதரர் இருவர் நடத்திய கிரீன்ஹார்ட் கேம்ஸ் 2013 ஏப்ரலில் ‘கேம் டெவ் டைக்கூன்’ கேமைத் தானே டோரண்டில் ஏற்றியது. அந்தப் பிரதியில் ஆட்டக்காரர் நடத்தும் கற்பனை கேம் நிறுவனம் திருட்டாலேயே நொடித்துப்போகும். ஏன் நொடிக்கிறது என்று கேமே சொல்லும். முதல் நாள் முடிவில் வாங்கியவர்கள் 214 பேர், திருட்டுப் பிரதி ஆடியவர்கள் 3,104 பேர், அதாவது 93.6 விழுக்காடு.

பூட்டு உண்டாக்கும் பழுது

இரண்டாவது தரப்பின் வாதத்துக்கு வருவோம். பூட்டு வாங்கியவரைத் தண்டிக்கிறது என்பதற்குச் சான்றுகள் குறைவில்லை. கணினியின் ஆழத்தில் தன் டிரைவரை நிறுவிய ‘ஸ்டார்ஃபோர்ஸ்’ முறைமீது எழுந்த புகார்களின் பின்னணியில் யூபிசாஃப்ட் 2006இல் அதைக் கைவிட்டது. 2010 மார்ச்சில் அதே நிறுவனம் ‘அசாசின்ஸ் கிரீட் 2’க்கு எந்நேரமும் இணையத் தொடர்பு வேண்டும் என்றது. வெளியான முதல் வார இறுதியிலேயே தாக்குதலுக்கு உள்ளாகி சர்வர் முடங்கியது. காசு கொடுத்தவர்கள் தங்கள் வீட்டில், தங்கள் கணினியில், தனியாக ஆடும் கேமை ஆட முடியாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

இந்த வாதத்துக்கு அளந்து கிடைத்த வலுவான சான்று 2021இல் வந்தது. மே மாதம் வெளியான ‘ரெசிடென்ட் ஈவில் வில்லேஜ்’ கணினிப் பதிப்பில், எதிரியைச் சுடும் தருணங்களில் திரை திக்கித் திணறியது. ஜூலையில் எம்ப்ரஸ் என்ற பெயரில் இயங்கிய உடைப்பாளர் பிரதி ஒன்றை வெளியிட்டு, திணறலுக்குக் காரணம் டெனுவோ என்ற பூட்டின் மேல், கேமை வெளியிட்ட கேப்காம் போட்ட சொந்தப் பூட்டு என்றார். வன்பொருள் சோதனைக்குப் பெயர்பெற்ற டிஜிட்டல் ஃபவுண்டரி இரண்டையும் அருகருகே வைத்து அளந்தது. உடைத்த பிரதியில் அந்தத் திணறல் இல்லை. அதே மாதம் கேப்காம் ஒரு திருத்தப் பேட்சை வெளியிட்டபோது, திருட்டுத் தடுப்பு நுட்பத்தில் சீரமைப்பு செய்திருப்பதாக அதன் குறிப்பிலேயே எழுதியிருந்தது. வழுவின் உரிமையாளர் எழுத்தில் ஒப்புக்கொண்ட அரிய நேரங்களில் ஒன்று இது. ஒப்ப வைத்தது ஒரு திருட்டுப் பிரதி.

ஒரு நிகழ்வை விதியாக்கிவிடக் கூடாது. உடைத்த பிரதி எப்போதும் நன்றாக ஓடும் என்பது பெரும்பாலும் நம்பிக்கை சார்ந்த பேச்சு. கேம்கள் முதல் நாளில் மிகக் குறைபட்ட நிலையிலும், பின்னர் வாரந்தோறும் வரும் பேட்சுகளால் தேறியும் வருகிற காலம் இது. குழுக்கள் உடைப்பதோ பெரும்பாலும் முதல் பதிப்பை. அடுத்தடுத்த திருத்தங்கள் அவர்கள் வழியாக வந்தாலும் தாமதமாகவே வரும், சிலவற்றுக்கு வருவதே இல்லை. ஆக, திருட்டுப் பிரதிக்காரர் கையில் தங்குவது அந்த கேமின் மிக மோசமான நாள்.

இதன் தலைகீழும் நடந்திருக்கிறது. 2009 ஏப்ரலில் ‘டெமிகாட்’ வெளியானபோது வட்டில் பூட்டே இல்லை. ஸ்டார்டாக் நிறுவனம் கொள்கையாகவே பூட்டைத் தவிர்த்தது. கடைச் சங்கிலி ஒன்று குறித்த நாளுக்கு முன்பே விற்கத் தொடங்கியது. திருட்டுப் பிரதிகள் குவிந்தன. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட கணினிகள் சர்வரைத் தட்டின. அவற்றுள் காசு கொடுத்தவை சுமார் 18,000. அத்தனை பேரை எதிர்பார்க்காத சர்வர் திணறியது, பலரோடு ஆடும் வசதி முடங்கியது. பூட்டாத கேமும் திருட்டால் பழுதாகத் தெரியலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

முடியாததை விற்பது

மேலே சொன்ன நிகழ்வுகளில் எல்லாம் பூட்டுபவரோ திருடுபவரோ இருக்கிறார். இருவரையும் காரணம் காட்ட முடியாத இடத்தில் என்ன நடக்கிறது என்று பார்த்தால்தான் விவாதம் தெளியும். சிடி புரொஜெக்ட் 2020 டிசம்பர் 10 அன்று வெளியிட்ட ‘சைபர்பங்க் 2077’ கணினியில் பூட்டில்லாமல் வந்தது. உடைக்க எதுவும் இல்லை. ஆனால் பழைய கன்சோல்களில் அதன் நிலை மிகவும் மோசமாக இருந்ததால், சோனி ஏறக்குறைய ஒரு வாரத்தில் தன் இணையக் கடையிலிருந்தே அதை எடுத்தது. திரும்ப வைத்தது 2021 ஜூன் 21 அன்று. முன்னதாக, 2015 ஜூனில், வார்னர் நிறுவனம் ‘பேட்மேன்: ஆர்காம் நைட்’ கணினிப் பதிப்பின் விற்பனையை வெளியான ஓரிரு நாளிலேயே நிறுத்தியது. அது கடைக்குத் திரும்பியது அக்டோபர் இறுதியில். அதில் டெனுவோ பூட்டு இருந்தது. ஒன்றில் பூட்டு உண்டு, ஒன்றில் இல்லை; இரண்டும் முடியாமலே விற்கப்பட்டன. காரணம் வெளியீட்டு நாளைத் தள்ளிப்போட விரும்பாத வணிகம். திருடரைக் கை காட்ட இங்கே இடமில்லை.

‘ஆர்காம் நைட்’ விஷயத்தில் இன்னொரு தற்செயல் இருக்கிறது. அதே ஜூன் தொடக்கத்தில்தான் ஸ்டீம் என்ற இணையக் கடை, இரண்டு மணி நேரத்துக்குள் ஆடியிருந்து வாங்கிப் பதினான்கு நாளுக்குள் கேட்டால் பணத்தைத் திருப்பித் தரும் முறையைக் கொண்டுவந்தது. சோதித்துப் பார்க்கத் திருடுகிறேன் என்ற பழைய சாக்குக்கு அன்றே வலு குறைந்துவிட்டது. குழுக்களின் என்எஃப்ஓக்களில் இருந்த, பிடித்தால் வாங்குங்கள் என்ற வரியை இன்று படிக்கையில் அது பழைய காலத்து ஆசாரம் போலத் தோன்றுகிறது.

விற்பனை இழப்பைப் பற்றிய ஆய்வுகளையும் இங்கே நிறுத்துப் பார்க்க வேண்டும். ஐரோப்பிய ஆணையம் எகோரிஸ் நிறுவனத்திடம் செய்வித்த ஆய்வு 2015இல் முடிந்து 2017இல்தான் வெளியே தெரியவந்தது. ஆறு நாடுகளில் சுமார் 30,000 பேரிடம் கேட்ட அந்த ஆய்வு, கேம்களைப் பொறுத்தவரை சட்டவிரோதப் பயன்பாடு விற்பனையைக் கூட்டியிருக்கலாம் என்றது. திருட்டை ஆதரிப்போர் இதைக் கொடியாகப் பிடித்தார்கள். 2024இல் வில்லியம் வோல்க்மன் வெளியிட்ட ஆய்வு வேறு வழியில் போனது: டெனுவோ பூட்டிய 86 கேம்களை எடுத்து, பூட்டு உடைந்த வாரத்தையும் அதன்பின் வருவாய் நகர்ந்த விதத்தையும் ஒப்பிட்டது. உடனே உடைந்தால் சராசரியாக 20 விழுக்காடு வருவாய் போகிறது; பன்னிரண்டு வாரம் தாங்கிவிட்டால் இழப்பு ஏறக்குறைய இல்லை. முன்னது மனிதர்கள் தம்மைப் பற்றித் தாமே சொன்னதை நம்புகிறது. பின்னது விற்பனையை நேரடியாகப் பார்க்க முடியாமல் மாற்று அளவீடுகளை நம்புகிறது. எனக்குப் பின்னதே நம்பத்தக்கதாகப் படுகிறது. காரணம், ஸ்பைரோ நிரலாளர் 2001இல் அனுபவத்தால் சொன்ன அதே இரண்டு மூன்று மாதக் கணக்கை அது எண்களால் வந்தடைகிறது. பன்னிரண்டு வாரத்துக்குப் பிறகும் பூட்டைக் கழற்றாமல் ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கும் நிறுவனங்களுக்கு இந்த ஆய்வில் எந்த ஆதரவும் இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இங்கேதான் வழுவமைதி தேவைப்படுகிறது. 2013இல் ஸ்டீம் தொடங்கிய ‘ஏர்லி ஆக்சஸ்’ பிரிவில், இது முடியாத கேம் என்று எழுதிவிட்டே விற்கிறார்கள். வாங்குபவர் அறிந்து வாங்குகிறார். காரணம் சொல்லப்பட்டு ஏற்கப்பட்ட பிறழ்வு அது; இலக்கணக்காரர் மறுக்க மாட்டார். முழு விலைக்கு, முழுமை என்று பெயரிட்டு, முதல் நாளிலேயே பெரும் பேட்சோடு வரும் கேமுக்கு அந்தச் சலுகை கிடையாது. அது வழுவே. அதை வழுவமைதியாக நடத்தும்படி நம்மைப் பழக்கிவிட்டார்கள்.

கையெழுத்து

2008 ஜூலையில் யூபிசாஃப்ட், ‘ரெயின்போ சிக்ஸ்: வேகாஸ் 2’ கேமுக்கு ஒரு பேட்ச் விட்டது. இணையத்தில் பதிவிறக்கி வாங்கியவர்களிடம், அவர்களிடம் இல்லாத வட்டைக் கேம் கேட்டுக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்யும் முயற்சி அது. பேட்சைப் பிரித்துப் பார்த்தவர்கள் உள்ளே ரீலோடட் குழுவின் அடையாளத்தைக் கண்டார்கள். நிறுவனம் தன் பூட்டைத் தானே திறக்காமல் திருடர்கள் செய்த சாவியை எடுத்துக் கொடுத்திருந்தது. வழக்குத் தொடுத்த அதே ஆண்டு, அதே நிறுவனம். 2010இல் ராக்ஸ்டாரின் ‘மேக்ஸ் பெய்ன் 2’ ஸ்டீம் பிரதியில் மித் குழுவின் எழுத்துச் சின்னம் அப்படியே இருப்பது தெரிந்தது.

இதன் உச்சம் ராக்ஸ்டாரின் ‘மேன்ஹண்ட்’. ஸ்டீமில் விற்கப்பட்ட கணினிப் பதிப்பின் இயங்குகோப்பு ரேஸர் 1911 உடைத்தது. அப்படி விற்ற பிரதியில், கேமுக்குள் ஒளித்து வைக்கப்பட்டிருந்த திருட்டுத் தடுப்புச் சோதனைகள் முழுதாக அடங்கவில்லை. தன்னைத் திருட்டுப் பிரதி என்று சரியாகவே கண்டுகொண்ட கேம், திறக்க வேண்டிய வாயிற்கதவுகளைத் திறக்க மறுத்தது. சீன் விதிப்படி இது நியூக் ஆகியிருக்க வேண்டிய வெளியீடு. அதிகாரபூர்வக் கடையில், அதிகாரபூர்வ விலையில், உரிமையாளரின் பெயரில் விற்பனையானது. காசு கொடுத்தவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது ரசிகர்கள் எழுதிய இலவசப் பேட்ச்.